மூன்று ஆபரேஷனுக்குப் பேரம் பேசியவர்

என் வீட்டுக்காரருக்கு வந்தது கௌரவமான நோய் இல்லை. மாரடைப்பு, மஞ்சள் காமாலை என்றால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இவருக்கு வந்ததைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் மூக்கைப் பிடிப்பார்கள். ஒன்றுக்குப் போகும்போது மூத்திரத்தோடு காற்றும் சேர்ந்து வந்தது. சோடா பாட்டிலை உடைத்த மாதிரி புஸ்ஸென்று ஒரு சத்தம். கொல்லை வேலியோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, "ஏ புள்ள, எனக்கு முன்னாலயும் காத்து போவுது" என்று ஏதோ புதையல் எடுத்தவர்போலச் சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நடந்தது இது. கெலமங்கலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ராகிக் காடு இருந்தது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். காட்டை நான் பார்த்துக்கொண்டேன். அவருக்கு மாட்டுத் தரகு. ஓசூர், பேரிகை, எல்லை தாண்டி ஆனேக்கல் என்று சந்தை சந்தையாகச் சுற்றுவார். வீட்டில் இருக்கும் நாளில் கூட யார் வீட்டு மாட்டையாவது பல் பிடித்துப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

மாட்டுத் தரகில் விலையை வாயால் சொல்வது கிடையாது. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போய்விடும். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. வாய் பாட்டுக்குத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ "உங்க பக்கம் மழையா?" என்று ஊர்க்கதை பேசும். விரல்கள் உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருக்கும். இதற்கென்றே பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று வைத்திருந்தார். அதில் முகம் துடைக்க மாட்டார், தலைக்குக் கட்ட மாட்டார். நான் துவைக்கும்போது கூடப் பக்கத்தில் நின்று, "அடிச்சுத் தொவைக்காத, கசக்கு" என்று அதிகாரம் செய்வார். எனக்கு அந்தத் துண்டின்மேல் சக்களத்திப் பொறாமையே உண்டு.

காற்று வந்த வேடிக்கை சீக்கிரமே தீர்ந்துபோனது. அடிவயிற்றில் இடது பக்கம் அவருக்கு ரொம்ப நாளாகவே விட்டு விட்டு வலி உண்டு. இப்போது குளிர்ஜுரமும் சேர்ந்துகொண்டது. மூத்திரம் எரிந்தது, கலங்கியது, நாறியது. உள்ளூர் வைத்தியர் சூடு என்றார். இளநீரும் நன்னாரி வேரும் வெந்தயமுமாக ஊற்றித் தள்ளினேன். ஒரு நாள் முடியாமல் படுத்தவர் சட்டியில் போன மூத்திரத்தைக் கொட்டப் போனேன். அதில் ஒரு மிளகாய் விதை கிடந்தது. குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மிளகாய் விதையேதான். முந்தின நாள் நான் அரைத்துவைத்த காரத்தில் இருந்தது எப்படி இந்த வழியாக வரும்? மறுநாளே அவரைப் பஸ்ஸில் ஏற்றிப் பெங்களூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே மூத்திரப் பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைப் பின்வழியாக ஏற்றிப் படம் பிடித்தார்கள். பெரிய டாக்டர் கன்னடக்காரர், கனத்த கண்ணாடி, எங்களுக்காகத் தமிழில் பேசினார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"நோடப்பா, இது உன் பெருங்குடல். சுவரு அங்கங்கே பலவீனமாகி, சின்னச் சின்னப் பையா வெளியே பிதுங்கியிருக்கு. அதுல ஒண்ணு பழுத்து, பக்கத்துல இருக்கிற மூத்திரப் பையோட ஒட்டிக்கிச்சு. ஒட்டின இடத்துல ஓட்டை விழுந்துடுச்சு. பின்னால போக வேண்டியது முன்னால வர்றது அதனாலதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்ம ஜனங்களுக்கு இது வர்றது அபூர்வம். வெள்ளைக்காரங்களுக்குத்தான் ஜாஸ்தி" என்றார்.

அதுவரை சுருண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராகிக் களி தின்று வளர்ந்த உடம்புக்கு வெள்ளைக்காரன் வியாதி! அதற்குப் பிறகு ஊரில் யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார். நோய் என்ன என்பதைக் கேட்டவர்கள் கெஞ்சினால்தான் சொல்வார்.

டாக்டர் மூன்று விரலைக் காட்டினார். "மூணு ஆபரேஷன். முதல்ல மேல் வயித்துல குடலைத் திறந்து வெளியே ஒரு வாய் வைப்பேன். மலம் அது வழியா வந்துடும், கீழே போகாது. புண்ணு ஆறும். சில மாசம் கழிச்சு ரெண்டாவது. கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்து, நல்லதையும் நல்லதையும் சேர்த்துத் தைச்சு, மூத்திரப் பை ஓட்டையை அடைப்பேன். அது பிடிச்சுக்கிச்சுன்னு தெரிஞ்ச பிறகு மூணாவது. வயித்து வாயை மூடுவேன். எல்லாத்தையும் ஒரே தடவையில செஞ்சா சீழ் பிடிச்சுடும், உயிருக்கு ஆபத்து."

இவர் மூன்று விரலையும் பார்த்து லேசாகச் சிரித்தார். எங்கேயோ பார்த்த சிரிப்பு என்று எனக்குத் தோன்றியது. இருந்த பயத்தில் அதற்குமேல் யோசிக்கவில்லை.

முதல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் தொப்புளுக்கு மேலே, வலது பக்கம் சிவப்பாக ஒரு வாய். அதற்குச் சொன்ன பேச்சுக் கேட்கத் தெரியாது. நினைத்தபோது திறக்கும், நினைத்தபோது சத்தம் போடும். மலையாளத்து நர்ஸம்மா ஒருத்தி பஞ்சை எப்படி வைப்பது, துணியை எப்படி மடிப்பது, வயிற்றைச் சுற்றி எப்படிக் கட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தேங்காய்த் தொட்டியின் விளிம்பை வழவழவென்று தேய்த்து, சுற்றிலும் துணி தைத்து, வாயின்மேல் கவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு டாக்டரையே கூட்டிவந்து காட்டினாள். வீட்டில் இருந்த பழைய வேட்டி எல்லாம் கந்தலாகி வேலியில் காய்ந்தது. அருவருப்பு இல்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். முதல் வாரம் இருந்தது. அப்புறம் சாணி அள்ளுகிற கை, இதற்கு மட்டும் என்ன என்று பழகிவிட்டது.

பெரிய சந்தோஷம், மூத்திரம் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது. காற்று இல்லை, எரிச்சல் இல்லை, ஜுரம் இல்லை. கன்னம் கூட உப்பியது. டாக்டர் சொன்ன மாதம் வந்ததும் பையில் துணிமணியை எடுத்துவைத்தேன். இவர் அசையவில்லை.

"என்னாத்துக்கு? அதான் செரியாப் போச்சே."

"இன்னும் ரெண்டு ஆபரேஷன் இருக்குதுங்க."

"அடி போடி. மூணுல ஆரம்பிச்சாரு, ஒண்ணுல முடிஞ்சுது. மொதல்ல சொல்ற வெலைய அப்பிடியே குடுக்கிறவன் எவன்?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எங்கே பார்த்தது என்று எனக்குப் புரிந்தது. சந்தையில் எதிராளி முதல் விலை சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு! தலையில் அடித்துக்கொண்டேன். "அவரு டாக்டருங்க, மாட்டுத் தரகர் இல்ல!" என்று கத்தினேன். "எல்லாருந்தான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கெட்ட குடல் உள்ளேயே இருக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் மறுபடி பழுக்கலாம், வயிற்றுக்குள் உடைந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதை அழுது சொன்னேன், திட்டிச் சொன்னேன், சோறு போடாமல் சொன்னேன். காலி ஆபரேஷன் டேபிளுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பதில் வந்தது. எனக்கு அவரைக் கிணற்றில் தள்ளிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தள்ளினாலும் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

துணியை இரட்டையாகக் கட்டிக்கொண்டு ஓசூர்ச் சந்தைக்குப் போனார். அன்றைக்கு நடந்ததை அவர் சொல்லவில்லை. கூடப் போன ஊர்க்காரர்கள்தான் வந்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சொன்னார்கள். ஆனேக்கல்காரர் ஒருவர் ஜோடி மாடு பார்த்தாராம். துண்டுக்குள் கைகள் போயின. அவர் ஒரு விலையைப் பிடித்த அதே நேரம் இவர் வயிறு நீளமாகப் புர்ரென்றது. "என் வெலைக்கு இதுதான் மரியாதையா?" என்று அந்த மனுஷன் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். சந்தை முழுதும் சிரிப்பு. அடுத்து வந்தவர் வாசம் தாங்காமல் ஒரு கை தூரம் தள்ளி நின்றார். ஒரு கை தூரம் தள்ளி நின்றால் துண்டு எட்டாது.

அதற்குப் பிறகு அவர் சந்தைக்குப் போகவில்லை. வருகிறவர்களோடு பேசவில்லை. தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாடு மட்டும்தான் மூக்கைச் சுளிக்கவில்லை. எந்நேரமும் வாயடிக்கிற மனுஷன் வாயை மூடிக்கொண்டால் வீடு எப்படி இருக்கும்! எனக்குச் சண்டைபோடக் கூட ஆள் இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் காலையில் கட்டு மாற்றத் துணி தேடிக்கொண்டிருந்தேன். கிழிக்க இனிப் பழைய வேட்டி இல்லை. அவர் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய பச்சைக் கரைத் துண்டை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"இதக் கிழிச்சுக்க. இது இனிமே எதுக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வரவில்லை. சக்களத்தி செத்தால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? துண்டை உதறினேன். "கைய நீட்டுங்க" என்றேன்.

"என்னா?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. பேரம்."

பெண்பிள்ளை துண்டுக்குள் கை விடுவது எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி. அவருக்கு வெட்கமே வந்துவிட்டது. வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். ஆனால் கை தானாக நீண்டது, பழக்கம். துண்டைப் போட்டு மூடினேன். உள்ளே அவர் கையைத் தேடி இரண்டு விரலைப் பிடித்தேன். மிச்சமிருக்கிற இரண்டு ஆபரேஷன். அவர் என் கையை விலக்கிவிட்டு விரலையெல்லாம் மடக்கிக்கொண்டார். ஒன்றும் கிடையாது என்று அர்த்தம். நான் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளி மறுபடி இரண்டைப் பிரித்துப் பிடித்தேன்.

"உங்க பக்கம் மழையா?" என்றேன், முகத்தைச் சந்தைக்காரன் மாதிரி வைத்துக்கொண்டு.

அவர் உதடு துடித்தது. பல வாரம் கழித்துச் சிரித்தார். "லேசாத் தூறல்" என்றார். உள்ளே ஒற்றை விரலைப் பிடித்தார். நான் விடவில்லை. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று வெகுநேரம் இழுத்தோம். பிறகு அவர் விரல் எதையும் பிடிக்காமல் என் கையை முழுசாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் குழப்பமாகிவிட்டது.

"இது அஞ்சு இல்ல? இருக்கிறதே ரெண்டுதான், எங்கிருந்து அஞ்சு?"

"அது அப்பறம் சொல்றன். ரெண்டு, ஒத்துக்கிட்டன். பையை எடு" என்றார்.

நான் துண்டையும் பையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் எங்களைப் பார்த்ததும் மேஜையைத் தட்டிக் கோபித்தார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்றார். இவர் தரையைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை, மூன்று என்றது முதல் விலை என்று இவர் நினைத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடி வழியாக இவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. நர்ஸம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது ஒரே விலைக் கடை. கேட்டுக்கோ. மூணுன்னா மூணு" என்றார்.

இரண்டாவதுதான் பெரிய ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்றார்கள். சோதித்ததில் என் ரத்தம் அவருக்குச் சேர்ந்தது. கொடுத்தேன். கதவுக்கு வெளியே பகல் முழுக்க உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கெட்ட குடலை ஒரு சாண் வெட்டி எடுத்தாயிற்று, மூத்திரப் பையைத் தைத்தாயிற்று, பயப்படாதே என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அவர் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் வீட்டில் எதிர்த்துப் பேசினால், "என் ரத்தம் ஓடுதில்ல, வாய் நீளத்தான் செய்யும்" என்று நானே சொல்லிக்கொள்வேன்.

தையல் பிடித்துக்கொண்டதைப் படமெடுத்துப் பார்த்த பிறகு, மூன்றாவதற்கு நாள் குறித்தார்கள். வயிற்று வாயை மூடினார்கள். இனித்தான் நிஜமான சோதனை என்றார் டாக்டர். இத்தனை மாதம் சும்மா கிடந்த கீழ்க்குடல் வேலை செய்ய வேண்டும். காற்று பின்வழியாகப் பிரிந்தால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை வாயில் ஒன்றும் கிடையாது. காற்று பிரியாமல் வயிறு ஊதினால் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

அந்த வார்டு முழுக்க ஒரே கேள்வி. "ஆயித்தா, ஆச்சா?" என்று டாக்டர் கேட்பார். நர்ஸம்மா கண்ணாலேயே கேட்பாள். பக்கத்துக் கட்டிலில் பெங்களூர் ஃபேக்டரி ஒன்றில் ஃபிட்டராக இருந்த நம்ம மத்தூர்க்காரர் கிடந்தார். குடலிறக்க ஆபரேஷன். "லைன் க்ளியரா அண்ணா?" என்று விழித்ததும் கேட்பார். இவர் பாவம்போல இல்லை என்று தலையாட்டுவார். வயிறு மேலே மேலே உப்பிக்கொண்டு வந்தது. அதன்மேல் காதை வைத்துக் கேட்கிற டாக்டரின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பசியில் இவர் களியைப் பற்றியே பேசினார். அவரைக்காய்க் குழம்பும் களியும் கேட்டுக் குழந்தைமாதிரி அனத்தினார். இந்த மனுஷனைப் பேரம் பேசி இழுத்து வந்தது நான்தானே?

ஒரு நாள் சாயங்காலம், பார்க்க வருகிற நேரம். வார்டு முழுக்க உறவுக்காரர்கள், ஆரஞ்சுப் பழம், பிளாஸ்க். இவர் திடீரென்று என் முழங்கையைப் பிடித்தார். கண்ணை மூடினார். அப்புறம் ஒரு சத்தம். சின்னச் சத்தம் இல்லை. பஸ் டயர் வெடித்த மாதிரி! எதிர்க் கட்டிலில் ஒரு கிழவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"லைன் க்ளியர்!" என்று கூவினார் ஃபிட்டர். சிரித்ததில் அவர் தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸம்மா கையைத் தட்டினாள். யாரென்றே தெரியாத ஒருத்தி வந்து என் கையில் ஆரஞ்சுப் பழத்தைத் திணித்தாள். நான் வெட்கத்தை விட்டுச் சிரித்தேன், அழுதேன், அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தேன். டாக்டர் வேகவேகமாக வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இனி இவருக்குக் கஞ்சி குடுங்க" என்றார். கண்ணாடிக்குள் அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

உடம்பு தேறி, கனம் தூக்கக் கூடாது என்ற தடையும் நீங்கிய பிறகு, ஓசூர்ச் சந்தைக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடப் போனேன். ஆட்கள் முதலில் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார்கள். பிறகு யாரோ நெருங்கினார்கள், இன்னொருவர் தோளில் கை போட்டார். "வெள்ளைக்காரன் வியாதிங்க, நமக்கெல்லாம் வராது" என்று இவர் அளந்துகொண்டிருந்தார். அன்றைக்குக் கையை உதறிய அதே ஆனேக்கல்காரர் வந்தார். துண்டு விரிந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்று மழையைப் பற்றிப் பேசினார்கள். பச்சைக் கரை அசைந்துகொண்டே இருந்தது. வயிறு சத்தமே போடவில்லை. வியாபாரம் படிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டேன்.

"அன்னைக்கு அஞ்சு பிடிச்சீங்களே, அது என்ன கணக்குங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டார். உள்ளே என் கையை முழுசாகப் பிடித்துக்கொண்டார்.

"கணக்கெல்லாம் இல்ல புள்ள. பயமா இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டன். மொதல் ஆபரேஷனுக்குப் பின்னால இருந்தே பயம்தான்."

முதல் விலை, பேரம் என்று அளந்ததெல்லாம் அந்தப் பயத்தை மறைக்கத்தானா!

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னா?" என்று சண்டைக்குப் போனேன். கையை மட்டும் கெலமங்கலம் வந்து இறங்கும் வரைக்கும் எடுக்கவில்லை.